முக எண்ணெய்களும் தோல் வகைகளும்: ஓர் ஒப்பீட்டு வரலாறு

முக எண்ணெய் என்பது முகத் தோலின் ஈரப்பதத்தைக் காக்கவும் வறட்சியைத் தணிக்கவும் பூசப்படும் எண்ணெய். எள், தேங்காய், ஆலிவ், வாதுமை, சூரியகாந்தி, ஹொஹோபா, ஆர்கன், காட்டுரோசாக் கனி முதலிய தாவரங்களின் விதை, பருப்பு அல்லது கனியிலிருந்து இவை எடுக்கப்படுகின்றன. வறண்ட தோலுக்கு ஓர் எண்ணெய், எண்ணெய்ப்பசையுள்ள தோலுக்கு வேறொன்று, பரு வரும் தோலுக்கு இன்னொன்று என்று இவற்றைப் பிரித்துச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. முகத்துக்கு எண்ணெய் பூசும் வழக்கம் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஆனால் இந்தப் பிரிவினைக்கு நூறாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட வரலாறே உண்டு. எந்த எண்ணெய் யாருக்கு ஏற்றது என்ற கேள்விக்கு முதலில் நிலத்தின் விளைச்சலும், பின்பு மருத்துவ மரபும், அதன்பின் அழகுசாதனச் சந்தையும், இறுதியாக ஆய்வகமும் விடை கூறின. இன்று காணப்படும் அறிவுரைகளில் இந்த நான்கும் கலந்தே உள்ளன.

சொல்லும் விளைச்சலும்

தமிழில் 'எண்ணெய்' என்ற சொல் 'எள்', 'நெய்' என்ற இரு சொற்களின் சேர்க்கை. முதலில் எள்ளிலிருந்து எடுத்ததை மட்டும் குறித்த இச்சொல், பின்னர் எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயரானது. அதனால் எள்ளின் எண்ணெய்க்கு 'நல்லெண்ணெய்' என்று தனிப்பெயர் வேண்டியதாயிற்று. வடமொழியிலும் 'திலம்' என்ற எள்ளின் பெயரிலிருந்தே 'தைலம்' என்ற சொல் பிறந்தது. மத்தியதரைக் கடல் பகுதியில் இதே மாற்றம் ஆலிவ் மரத்தை வைத்து நிகழ்ந்தது. இலத்தீனில் ஆலிவின் பெயரோடு உறவுடைய 'ஓலியம்' என்ற சொல் எல்லா எண்ணெயையும் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தின் 'ஆயில்' அதன் வழிவந்ததே. அரபு மொழியிலும் எண்ணெயைக் குறிக்கும் 'ஸைத்' என்ற சொல் ஆலிவைக் குறிக்கும் 'ஸைத்தூன்' என்பதோடு தொடர்புடையது.

இச்சொற்கள் ஒரு வரலாற்று உண்மையைக் காட்டுகின்றன. ஒவ்வொரு பகுதி மக்களும் தம் நிலத்தில் மிகுதியாக விளைந்ததையே சமையலுக்கும் விளக்குக்கும் உடலுக்கும் பயன்படுத்தினர். தமிழ்நாட்டில் எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெயும், தென்னை செழித்த கேரளக் கரையில் தேங்காய் எண்ணெயும் முதன்மை பெற்றன. பண்டைய எகிப்தில் முருங்கை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் விதை எண்ணெய் நறுமணப் பூச்சுகளுக்குப் பயன்பட்டது. ஆமணக்கு எண்ணெய்க்குத் தமிழில் வழங்கும் 'விளக்கெண்ணெய்' என்ற பெயர், உடலில் பூசிய எண்ணெயே விளக்கிலும் எரிந்ததை நினைவூட்டுகிறது. முகத்துக்கென்று தனி எண்ணெய் என்ற எண்ணம் பொதுவழக்கில் இருக்கவில்லை. தலைக்கும் உடலுக்கும் பூசியதே முகத்துக்கும் பூசப்பட்டது.

உடல் இயல்பைப் பார்த்த மருத்துவம்

இந்திய மருத்துவ மரபுகள் எண்ணெயை ஆளுக்கேற்பத் தேர்ந்தெடுத்தன. ஆனால் அவை தோலைத் தனியாக வகைப்படுத்தவில்லை. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் நிலையைக் கொண்டு முழு உடலின் இயல்பையும் பருவகாலத்தையும் கணித்தன. வாதத்துக்கு எண்ணெயும் பித்தத்துக்கு நெய்யும் கபத்துக்குத் தேனும் சிறந்தவை என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. நல்லெண்ணெய் சூடு தரும் தன்மையுடையதாகவும், தேங்காய் எண்ணெய் குளிர்ச்சி தருவதாகவும் கருதப்பட்டன.

முகத்துக்கென்றே கூறப்பட்ட மருந்தெண்ணெய்களுள் புகழ்பெற்றது குங்குமாதித் தைலம். நல்லெண்ணெயில் குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி முதலிய சரக்குகளையும் ஆட்டுப்பாலையும் சேர்த்துக் காய்ச்சுவது இதன் செய்முறை. இங்கு எண்ணெய் மருந்துச் சரக்கின் சாரத்தைத் தாங்கும் ஊடகமாக விளங்கியது. எனவே 'எந்த எண்ணெய்' என்பதைவிட 'எதை இட்டுக் காய்ச்சிய எண்ணெய்' என்பதே அம்மரபின் கேள்வியாக இருந்தது.

காலேனின் களிம்பும் கனிம எண்ணெயும்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமைப் பேரரசில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலேன், ஆலிவ் எண்ணெயையும் தேன்மெழுகையும் உருக்கி, அதில் ரோசா மணமூட்டிய நீரைக் கலந்து ஒரு களிம்பு செய்யும் முறையைக் கூறினார். பூசியதும் நீர் ஆவியாகித் தோல் குளிர்ந்ததால் பின்னாளில் இது 'கோல்டு கிரீம்' எனப்பட்டது. ஐரோப்பிய மருந்தாளர்கள் நூற்றாண்டுகளுக்கு இம்முறையைப் பின்பற்றினர். மணம் குறைவாகவும் இலேசாகவும் இருந்ததால் ஆலிவ் எண்ணெய்க்குப் பதிலாக வாதுமை எண்ணெய் இடம்பெறத் தொடங்கியது.

தாவர எண்ணெய்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. காற்றுப்பட்டால் அவை சிக்கு நாற்றம் அடித்துக் கெட்டன. வீட்டிலோ மருந்துக்கடையிலோ அவ்வப்போது செய்துகொண்ட காலத்தில் இது பெரிய தடையாகவில்லை. தொழிற்சாலையில் செய்து, தொலைதூரத்துக்கு அனுப்பி, மாதக்கணக்கில் கடையில் வைத்து விற்கும் நிலை வந்தபோது அது வணிகச் சிக்கலாயிற்று. 1872இல் இராபர்ட் செஸ்பரோ பெட்ரோலியத்திலிருந்து எடுத்த வாசலினுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பெட்ரோலிய மெழுகும் கனிம எண்ணெயும் கெடுவதில்லை, மணமும் நிறமும் இல்லாதவை, விலையும் குறைவு. 20ஆம் நூற்றாண்டின் முகக் களிம்புகளிலிருந்து தாவர எண்ணெய்கள் பெருமளவு விலகியதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மூன்று தோல் வகைகள்

வறண்ட தோல், எண்ணெய்ப்பசைத் தோல், இயல்பான தோல் என்ற பகுப்பைப் பரவலாக்கியவர் போலந்தில் பிறந்த ஹெலெனா ரூபின்ஸ்டைன். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகு நிலையம் தொடங்கிய இவர், பின்னர் இலண்டன், பாரிசு, நியூயார்க் நகரங்களுக்குத் தம் வணிகத்தை விரித்தார். வாடிக்கையாளரின் தோலை ஆராய்ந்து அதற்கேற்ற களிம்பைத் தருவது இவரது விற்பனை முறை.

இப்பகுப்பு கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் அறியக்கூடியதாக இருந்ததால் நிலைபெற்றது. அதே வேளையில் அது சந்தைக்கும் உதவியது. எல்லோருக்கும் ஒரே களிம்பு விற்ற இடத்தில் வகைக்கொரு களிம்பு விற்க முடிந்தது. இதன் போதாமையைப் பின்வந்த மருத்துவர்கள் சுட்டினர். ஒருவரின் நெற்றியும் மூக்கும் எண்ணெய்ப்பசையுடன் இருக்க, கன்னம் வறண்டிருக்கலாம். கோடையில் பளபளக்கும் முகம் மார்கழிக் குளிரில் வெடிக்கலாம். அமெரிக்கத் தோல் மருத்துவர் லெஸ்லி பாமன் 2000களில் எண்ணெய்ப்பசை, உணர்திறன், நிறமேற்றம், சுருக்கம் என்ற நான்கு கூறுகளை இணைத்து 16 வகைகளை முன்வைத்தார். ஆயினும் கடைகளில் பழைய மூவகைப் பகுப்பின் செல்வாக்கே இன்றும் நீடிக்கிறது.

கொழுப்பு அமிலங்கள்

எண்ணெய்களை அவற்றின் உட்கூறுகளைக் கொண்டு ஒப்பிடும் வழியைத் திறந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிசேல் செவ்ரல். கொழுப்புகள் பல அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தவை என்பதை இவரது ஆய்வுகள் காட்டின. 1823இல் வெளிவந்த இவரது நூல் கொழுப்பு வேதியியலின் அடித்தளமாகக் கருதப்படுகிறது. எல்லாத் தாவர எண்ணெய்களும் ஏறத்தாழ ஒரே குடும்பத்து அமிலங்களால் ஆனவை. அவற்றின் விகிதமே எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடுகிறது.

அவ்விகிதம் தோலுக்கு ஏன் முக்கியம் என்பது 1929இல் வேறொரு வழியில் தெரியவந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்தனர். எலிகளின் தோல் செதிலாக உரிந்தது, வால் புண்ணானது, வளர்ச்சி குன்றியது. லினோலியிக் அமிலம் கொடுத்தபோது அவை தேறின. உடலால் தானே செய்துகொள்ள முடியாத இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் உண்டு என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. தோலின் மேலடுக்கில் நீர் வெளியேறாமல் தடுக்கும் செராமைடு என்ற கொழுப்புகளில் லினோலியிக் அமிலம் ஓர் உறுப்பாக உள்ளது என்பது பின்னர் அறியப்பட்டது.

உண்பதால் மட்டுமல்ல, பூசுவதாலும் இக்குறை தீரக்கூடும் என்பதை 1975இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கொழுப்பு அமிலக் குறைபாடுள்ள நோயாளிகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது செதில் உரிதல் குறைந்தது. 1986இல் டொனால்டு டௌனிங்கும் உடனாய்வாளர்களும் பரு உள்ளவர்களின் தோற்கொழுப்பில் லினோலியிக் அமிலம் குறைந்திருப்பதைப் பற்றி எழுதினர். பருவரும் தோலுக்கு லினோலியிக் அமிலம் மிகுந்த எண்ணெய், வறண்ட தோலுக்கு ஒலியிக் அமிலம் மிகுந்த எண்ணெய் என்று இன்று கூறப்படும் அறிவுரையின் முற்பாதி இத்தகைய ஆய்வுகளிலிருந்து வந்தது. பிற்பாதிக்கு அதே வலிமையுள்ள சான்று இல்லை.

முயல் காதும் எண் பட்டியலும்

எண்ணெய்களை ஒப்பிடும் பட்டியல்களில் 0 முதல் 5 வரை ஓர் எண் காணப்படும். தோலின் நுண்துளையை எந்த அளவுக்கு அடைக்கும் என்பதைக் குறிக்கும் எண் அது. 0 என்றால் அடைக்காது. 5 என்றால் மிகுதியாக அடைக்கும். இந்த எண்கள் முயலின் காதிலிருந்து பிறந்தவை.

முயல் காதின் உட்புறத் தோல் சில பொருள்கள் பட்டால் எளிதில் துளையடைப்புக்கு உள்ளாகும். தொழிற்சாலை வேதிப்பொருள்களால் உண்டாகும் பருக்களை ஆராய 1940களிலேயே இது பயன்பட்டது. 1972இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், ஓட்டோ மில்சுடன் சேர்ந்து, பெண்களின் முகப்பருவுக்கு அழகுசாதனங்கள் காரணமாகலாம் என்று எழுதினார். அவர்கள் பல பொருள்களை முயல் காதில் சோதித்தனர். 1980களில் ஜேம்ஸ் புல்டன் வெளியிட்ட விரிவான பட்டியல்கள் பரவலாக எடுத்தாளப்பட்டன.

இச்சோதனையின் வரம்பு அதைச் செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது. முயல் காது மனிதத் தோலைவிட மிகையாக எதிர்வினை காட்டும். 1982இல் மில்சும் கிளிக்மனும் மனிதர்களின் முதுகில் ஒட்டுப்பட்டை வைத்துச் சோதிக்கும் முறையை வெளியிட்டனர். முயல் காதில் இலேசாக அடைத்த பொருள்கள் பல மனிதத் தோலில் அடைக்கவில்லை. 2006இல் சோயி டிரேலோசும் ஜோசப் டினார்டோவும், துளையடைக்கும் என்று பட்டியலிடப்பட்ட கூறுகளைக் கொண்ட முழுமையான தயாரிப்புகள் மனிதத் தோலில் அவ்வாறே அடைக்க வேண்டியதில்லை என்று காட்டினர்.

தோல் ஆய்வின் இக்காலத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. கிளிக்மன் 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளிடம் நடத்திய தோல் சோதனைகள், மருத்துவ அறமீறலுக்கு எடுத்துக்காட்டாகப் பின்னர் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. அழகுசாதனங்களுக்கான விலங்குச் சோதனையை இந்தியா 2014இல் தடைசெய்தது. அத்தகைய சோதனைகளில் பிறந்த எண்களோ எங்கிருந்து வந்தன என்ற குறிப்பின்றி இன்றும் பட்டியலுக்குப் பட்டியல் பெயர்த்து எழுதப்படுகின்றன.

வறள்நிலத்து எண்ணெய்கள்

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் எண்ணெய்கள் சில உலகச் சந்தைக்கு வந்தன. அவற்றுள் முதலாவது ஹொஹோபா. வட அமெரிக்காவின் சொனோரா பாலைவனப் புதரான இதன் விதை எண்ணெயை அப்பகுதிப் பழங்குடியினர் தோலுக்கும் தலைமுடிக்கும் பூசிவந்தனர். அமெரிக்கா 1970இல் எண்ணெய்த் திமிங்கிலத்தை அழிந்துவரும் இனமாக அறிவித்ததை அடுத்து அதன் எண்ணெய்க்கு மாற்று தேவைப்பட்டது. வேதியியல் நோக்கில் ஹொஹோபா எண்ணெய் உண்மையில் நீர்ம மெழுகு. மனிதத் தோல் சுரக்கும் கொழுப்பிலும் ஏறத்தாழக் கால்பங்கு மெழுகு எஸ்டர்கள் உள்ளன. தோலின் இயற்கை எண்ணெயை ஒத்தது என்று ஹொஹோபா விளம்பரப்படுத்தப்படுவதற்கு இந்த ஓரளவு ஒற்றுமையே அடிப்படை. எளிதில் கெடாததும் அதன் சிறப்பு. இந்தியாவில் இது இராசத்தானில் பயிரிடப்படுகிறது.

ஆர்கன் மரம் மொரோக்கோவின் தென்மேற்கில் இயற்கையாக வளர்வது. அதன் கடினமான கொட்டையைக் கல்லால் உடைத்துப் பருப்பெடுத்து எண்ணெய் ஆட்டுவது அமாசிக் பெண்களின் கைத்தொழில். ஒரு லிட்டர் எண்ணெய்க்குப் பல கிலோ காய்களும் பல மணிநேர உழைப்பும் தேவை. இரபாத் நகரின் ஐந்தாம் முகம்மது பல்கலைக்கழக வேதியியலாளர் சுபைதா சருஃப் இவ்வெண்ணெயை ஆராய்ந்ததோடு, 1990களில் பெண்கள் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகவும் துணைநின்றார். யுனெஸ்கோ 1998இல் ஆர்கன் காட்டுப்பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாகவும், 2014இல் ஆர்கன் சார்ந்த மரபறிவைப் பண்பாட்டு மரபுச் செல்வமாகவும் அறிவித்தது. முக எண்ணெயின் விலையில் தோல் வேதியியல் மட்டுமன்றி, அதை உடைத்தெடுக்கும் கைகளின் கூலியும் அடங்கும் என்பதை ஆர்கன் நினைவூட்டுகிறது.

மூன்றாவது, சிலி நாட்டின் காட்டுரோசாக் கனி விதை எண்ணெய். ஐரோப்பாவிலிருந்து சென்று அங்குக் காடாகப் பரவிய செடியிலிருந்து எடுக்கப்படும் இது, லினோலியிக், லினோலெனிக் அமிலங்கள் மிகுந்தது. அதனாலேயே விரைவில் கெடக்கூடியது.

குழந்தைகளின் தோல் காட்டியவை

முக எண்ணெய் விற்பனைக்குரிய பெரும்பாலான உறுதிமொழிகளுக்குப் பெரிய மருத்துவ ஆய்வுகள் இல்லை. தாவர எண்ணெய்களை மனிதத் தோலில் நேரடியாக ஒப்பிட்ட முக்கியச் சோதனைகள் சில குழந்தைகளிடம் நிகழ்ந்தன. அவற்றின் நோக்கம் அழகு அன்று, உயிர்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் தோல் முற்றாக உருவாகியிராது; நோய்க்கிருமிகள் அதன் வழியே நுழையும். வங்காளதேசத் தலைநகர் டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனையில் கேரி டார்ம்ஸ்டாட் குழுவினர் அத்தகைய குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசி ஆராய்ந்தனர். எதுவும் பூசப்படாத குழந்தைகளைவிட இவர்களுக்கு மருத்துவமனைத் தொற்று 41 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2005இல் அவர்கள் அறிவித்தனர்.

2013இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு ஆய்வாளர் சைமன் டான்பியும் குழுவினரும் வளர்ந்தவர்களின் கையில் ஆலிவ், சூரியகாந்தி எண்ணெய்களைச் சில வாரங்கள் பூசி ஒப்பிட்டனர். ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பரணைத் தளரச்செய்து இலேசான சிவப்பை உண்டாக்கியது. சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யவில்லை. ஒலியிக் அமிலம் மேற்தோலின் கொழுப்பு அடுக்குகளைக் குலைக்கக்கூடியது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். காலேன் காலம் முதல் நம்பப்பட்ட எண்ணெய் மென்மையான தோலுக்கு ஏற்றதல்ல என்பது பலருக்கு வியப்பாக இருந்தது. ஆனால் மான்செஸ்டரில் நிறைமாதக் குழந்தைகளிடம் பின்னர் நடந்த ஆய்வில், எண்ணெய் பூசாத குழந்தைகளோடு ஒப்பிடும்போது இரண்டு எண்ணெய்களுமே கொழுப்பு அடுக்குகளின் ஒழுங்கு முதிர்வதைத் தாமதப்படுத்தின. நலமான தோலுக்கு எண்ணெய் தேவைதானா என்ற கேள்வியை இது எழுப்பியது.

எண்ணெய்களின் ஒப்பீடு

இதுவரை தெரிந்தவற்றைக் கொண்டு சில எண்ணெய்களைப் பின்வருமாறு ஒப்பிடலாம்.

நல்லெண்ணெய்: ஒலியிக், லினோலியிக் அமிலங்கள் ஏறத்தாழச் சமமாக, ஒவ்வொன்றும் 40 விழுக்காட்டை ஒட்டி உள்ளன. இயற்கையான எதிர் ஆக்சிசனேற்றப் பொருள்கள் இருப்பதால் எளிதில் கெடாது. வறண்ட தோலுக்கும் இயல்பான தோலுக்கும் பயன்படுகிறது. எள் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய்: ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம், லினோலியிக் மிகக் குறைவு. பிலிப்பீன்சில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, வறண்ட தோலில் இது கனிம எண்ணெய்க்கு இணையாகச் செயல்பட்டதைக் காட்டியது. லாரிக் அமிலம் பருக் கிருமியை எதிர்ப்பது ஆய்வகத்தில் காணப்பட்டாலும், எண்ணெயாக முகத்தில் பூசும்போது பரு மிகும் என்பது பலரின் பட்டறிவு. உடலுக்கும் வறண்ட கை கால்களுக்கும் ஏற்றது. பருவரும் முகத்துக்கு ஏற்றதன்று.

ஆலிவ் எண்ணெய்: ஒலியிக் அமிலம் மிகுந்தது. கரப்பான் உள்ள தோலுக்கும் குழந்தைகளின் தோலுக்கும் பரிந்துரைக்கத்தக்கதன்று. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்க்க ஆலிவ் எண்ணெய் சேர்ப்பது வழக்கம். எனவே பொடுகும் செதிலும் முகத்தில் இறங்கும் தன்மையுள்ளவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

வாதுமை எண்ணெய்: இதுவும் ஒலியிக் மிகுந்தது, இலேசாகப் பரவும். வறண்ட தோலில் வழவழப்புக்குப் பயன்படுகிறது. கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது.

சூரியகாந்தி எண்ணெய்: மரபான வகையில் லினோலியிக் அமிலம் பாதிக்கு மேல். வறண்ட தோல், உணர்திறன் மிகுந்த தோல் ஆகியவற்றுக்கு ஒப்பீட்டளவில் நல்ல சான்றுள்ளது. 'ஒலியிக் மிகுந்தது' என்று குறிக்கப்பட்ட சமையல் வகைகள் இதனின் வேறானவை.

ஹொஹோபா: மெழுகுத் தன்மையால் மெல்லிய படலமாக நிற்கும். எண்ணெய்ப்பசைத் தோலும் கலப்புத் தோலும் உள்ளவர்கள் நாடுவது.

ஆர்கன்: ஒலியிக் சற்று மிகுந்து, லினோலியிக் மூன்றில் ஒரு பங்கு அளவில் உள்ளது. நல்லெண்ணெயின் அமைப்புக்கு வெகு தொலைவில் இல்லை; விலையோ பன்மடங்கு.

விளக்கெண்ணெய்: ஏறத்தாழ 90 விழுக்காடு ரிசினோலியிக் அமிலம். மிகக் கெட்டியானது என்பதால் தனியாகப் பூசாமல் வேறு எண்ணெயோடு கலந்தே பயன்படுத்தப்படுகிறது.

எந்த எண்ணெயும் தோலுக்கு நீரைத் தருவதில்லை. இருக்கும் நீர் வெளியேறுவதைக் குறைக்கிறது. முகம் கழுவியபின் ஈரம் உலரும் முன் ஓரிரு துளி பூசுவது அதனாலேயே பயன் தருகிறது. புதிய எண்ணெயைச் சில நாள்கள் முழங்கையின் உட்புறத்தில் பூசிப் பார்த்தபின் முகத்துக்குப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. சிக்கு வாடை வந்த எண்ணெய் தோலை உறுத்தும். எலுமிச்சை, பெர்கமாட் போன்றவற்றின் தோலைப் பிழிந்தெடுக்கும் நறுமண எண்ணெய்கள் இக்கட்டுரையில் கூறிய எண்ணெய்களிலிருந்து வேறானவை. அவற்றைப் பூசி வெயிலில் சென்றால் தோல் பொசுங்கக்கூடும். சீழ்ப்பருவும் ஆறாத சிவப்பும் எண்ணெயால் தீர்வனவல்ல. அவற்றுக்குத் தோல் மருத்துவரையே அணுக வேண்டும்.